பிறந்த எடையும் நாற்பது வயசு பிரஷரும்

"பிறந்தப்போ உங்க எடை எவ்வளவு?"

போன வருஷம் பிரஷருக்காகப் போனபோது டாக்டரம்மா கேட்ட கேள்வி இது. எனக்கு அப்போது வயது 43. குண்டு கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் மெஷின் 150/96 என்று காட்டியது, யூரின் டெஸ்ட்டில் லேசாகப் புரதம் வேற. நாற்பத்து மூணு வருஷத்துக்கு முந்தைய எடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு புரியாமல் முழித்தேன்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

"ரெண்டு கிலோகூட இல்லடா. குறைமாசமும் கிடையாது, பத்து மாசமும் நிறைஞ்சுதான் பொறந்தே. கையில வாங்கவே பயமா இருந்துச்சு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏன் இப்பக் கேக்குற? உனக்குப் பிரஷர் வந்ததுக்கு நான்தான் காரணமா?"

"அதெல்லாம் இல்லம்மா"ன்னு சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அது தெரிந்து சொன்ன பதில் இல்லை, சமாதானத்துக்குச் சொன்னது. சரியான பதில் என்ன என்று பார்க்கலாம்னு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு. வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுமையாகப் படிப்பது மட்டும்தான் என் தகுதி.

எடை குறைவு வேற, வளர்ச்சித் தடை வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை. இது உலக சுகாதார நிறுவனத்தின் கோடு. ஆனால் இந்தக் கோட்டுக்குக் கீழே ரெண்டு வகைக் குழந்தைகள் இருக்கிறார்கள். சீக்கிரம் பிறந்ததால் சின்னதாக இருப்பவர்கள் ஒரு வகை. நாள் நிறைந்தும் சின்னதாக இருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த ரெண்டாவது வகையிலும் அப்பா அம்மா மாதிரியே இயல்பாகச் சின்ன உருவம் கொண்ட, முழு ஆரோக்கியமான குழந்தைகள் உண்டு.

வளர்ச்சித் தடை என்பது இன்னும் குறுகிய விஷயம். வளர்ந்திருக்க வேண்டிய அளவுக்குக் கரு வளர முடியாமல் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஐ.யூ.ஜி.ஆர். அல்லது எஃப்.ஜி.ஆர். என்று எழுதியிருப்பார்களே, அதுதான். பெரும்பாலும் காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கும். கர்ப்பத்தின் முதல் பாதியில் கர்ப்பப்பையின் சின்ன ரத்தக்குழாய்கள் அகலமாகி, நஞ்சுக்குள் தாராளமாக ரத்தம் பாயும்படி மாற வேண்டும். அந்த மாற்றம் சரியாக நடக்கவில்லை என்றால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனும் சத்தும் கடைசிவரை பற்றாக்குறைதான். இது தவிர தாயின் ரத்த அழுத்தம், ரத்தசோகை, மலேரியா போன்ற தொற்று, புகை, சத்துக்குறைவு, இரட்டைக் கரு, மரபணுக் கோளாறு என்று பட்டியல் நீளும்.

பேரேட்டில் கிடைத்த துப்பு

இந்தக் கதையின் நாயகர் டேவிட் பார்க்கர், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருந்த தொற்றுநோயியல் நிபுணர். 1986ல் அவரும் கிளைவ் ஆஸ்மண்டும் ஒரு வேலை செய்தார்கள். இங்கிலாந்தையும் வேல்ஸையும் 212 பகுதிகளாகப் பிரித்து, 1921-25ல் கைக்குழந்தைகள் எங்கே அதிகம் இறந்தன, 1968-78ல் மாரடைப்பால் பெரியவர்கள் எங்கே அதிகம் இறந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். ரெண்டு வரைபடமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. மாரடைப்பு வசதியானவர்களின் நோய் என்று நம்பிய காலம் அது. வறண்டு கிடந்த ஊர்களில் ஏன் அதிகம்?

ஊர் அளவில் பொருந்துவது ஆள் அளவில் பொருந்த வேண்டியதில்லை. அதற்குத் தனி ஆட்களின் பிறப்புக் கணக்கு வேண்டும். அது ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் கிடைத்தது. அந்த மாவட்டத்தில் 1911லிருந்து எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் செவிலியர், ஒவ்வொரு குழந்தையின் பிறந்த எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுத வைத்திருந்தார். யாருக்கு எப்போது பயன்படும் என்று தெரியாமலே பொறுப்பாக எழுதிய லாக் ஃபைல்! அதை வைத்து 1911-30ல் பிறந்த 5654 ஆண்களைப் பார்க்கர் குழு தேடிப் பிடித்தது. பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை மிகக் குறைவாக இருந்தவர்களிடம்தான் மாரடைப்புச் சாவு அதிகம். இந்த முடிவு 1989ல் வெளியானது.

இதே மாதிரி ஒரு பேரேடு நம் பக்கத்திலும் இருந்தது. மைசூரில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவுகள். அங்கே 1934-54ல் பிறந்த 517 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். 2.5 கிலோவுக்குள் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய். 3.1 கிலோவும் அதற்கு மேலும் பிறந்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். சராசரிப் பிறந்த எடையே குறைவாக இருக்கிற நம் நாட்டில் இது சின்ன விஷயம் கிடையாது.

பற்றாக்குறை பட்ஜெட்

இது எப்படி நடக்கிறது? வருமானம் குறைந்த வீட்டில் என்ன செய்வோம்? அரிசியும் பள்ளிக்கூடச் செலவும் முதலில், சுண்ணாம்பு அடிப்பதெல்லாம் அப்புறம். கருவும் அதையே செய்கிறது. ஆக்சிஜன் குறையும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களை அகலமாக்கி, சிறுநீரகம், குடல், கை கால் பக்கம் போவதைச் சுருக்குகிறது. டாப்ளர் ஸ்கேனில் இது கண்ணுக்கே தெரியும்.

அந்த நிமிஷத்துக்கு இது சரியான முடிவு. குழந்தை உயிரோடு பிறக்கிறது. ஆனால் சில உறுப்புகளைக் கட்டும் வேலைக்குக் கெடு தேதி இருக்கிறது. கெடு முடிந்தபின் பணம் வந்தாலும் கட்ட முடியாது. அந்த வகையில் முதலில் நிற்பது சிறுநீரகம்.

சிறுநீரகம்: பிறந்தபின் ஒன்றுகூடக் கூடாது

சிறுநீரகத்துக்குள் இருக்கும் வடிகட்டி அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாக 9-10 லட்சம். கரு 36 வாரத்தைத் தொடும்போது நெஃப்ரான் உருவாக்கம் முடிந்துவிடும். அதிலும் பாதிக்கு மேல் உருவாவது கடைசி மூன்று மாதத்தில். சரியாக நஞ்சுக்கொடி தடுமாறும் அதே சமயம். நாள் நிறைந்து பிறந்த குழந்தைக்குப் புதிதாக ஒரு நெஃப்ரான்கூட வராது. கொண்டு வந்ததை வைத்துத்தான் எண்பது வருஷம் ஓட்ட வேண்டும்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், இந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பயங்கரமாக மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு எண்ணிய சிறுநீரகங்களில் சுமார் 2 லட்சத்திலிருந்து 27 லட்சம் வரை இருந்திருக்கிறது. பிறந்த எடையோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 2003ல் வந்த ஒரு ஆய்வுப்படி, பிறந்த எடை ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 2.57 லட்சம் நெஃப்ரான் கூடுகிறது.

குறைந்தால் என்ன? இது நம்ம ஏரியா. உடம்பு ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறது. ரெண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து 20 லட்சம் நெஃப்ரான் இருந்தால், ஒன்றுக்கு 0.09 மில்லி. 12 லட்சம்தான் இருந்தால் 0.15 மில்லி. பத்து சர்வர் பார்க்க வேண்டிய டிராஃபிக்கை ஆறு சர்வர் பார்க்கிறது. ஒவ்வொன்றும் வீங்கி, உள்ளழுத்தம் ஏறி, அதிக வேகத்தில் ஓடும். கொஞ்ச வருஷத்தில் சில நெஃப்ரான்கள் தழும்பாகிச் செத்துப்போகும். அவற்றின் பாரமும் மிச்சம் இருப்பவற்றின் தலையில் விழும். அதற்கப்புறம் என்ன ஆகும்னு புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரில் புரதம் கசிவது இந்தக் கட்டத்தின் அடையாளம். நெஃப்ரான் குறைவாக இருந்தால் உப்பை வெளியேற்றுவதும் சிரமம், அதனால் ரத்த அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் நெஃப்ரானை மேலும் அடிக்கும். அமெரிக்க சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னரும் சகாக்களும் 1988ல் முன்வைத்த கருதுகோள் இதுதான்.

இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. விபத்தில் இறந்த, 35-59 வயதுக்குட்பட்ட 20 பேரின் சிறுநீரகங்களை எடுத்து வடிகட்டிகளை எண்ணினார்கள். பத்துப் பேர் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்கள், மற்ற பத்துப் பேர் அதே வயது, உயரம், எடை கொண்ட, அழுத்தம் இல்லாதவர்கள். பிரஷர் இல்லாதவர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் நடுமதிப்பு 14,29,200. இருந்தவர்களுக்கு 7,02,379. பாதிகூட இல்லை! இருக்கிற வடிகட்டிகளோ ரெண்டு மடங்குக்கு மேல் பெருத்திருந்தன. "பிரஷரே பாதியைக் கொன்றிருக்கலாமே?"ன்னு கேட்கலாம். ஆனால் செத்த வடிகட்டிகளின் தழும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆரம்பத்திலேயே குறைவாக இருந்திருக்க வேண்டும். 20 பேர்தான் என்பதையும், அவர்களின் பிறந்த எடை தெரியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எண்ணிக்கைக்கு நார்வே. அங்கே 1967லிருந்து எல்லாப் பிறப்பும் பதிவாகிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்ததில், எடையில் கடைசிப் பத்து சதவீதத்தில் பிறந்தவர்களுக்கு டயாலிசிஸ் வரை போகும் சிறுநீரகச் செயலிழப்பு 1.7 மடங்கு. ஆனால் பயப்படும் முன் ஒன்று. இளவயதில் டயாலிசிஸ் வருவதே அபூர்வம். அபூர்வமான ஒன்று 1.7 மடங்கானாலும் அபூர்வம்தான்.

இதயமும் குழாய்களும்

இதயத் தசைச் செல்களுக்கும் இதே கெடு தேதிப் பிரச்சினை. அவை பல்கிப் பெருகுவது பெரும்பாலும் கருவில்தான். பிறந்தபின் எண்ணிக்கை கூடுவது மிகக் குறைவு, இருப்பவை பெரிதாகும், அவ்வளவே. நஞ்சுக்கொடியில் தடை இருந்தால் கருவின் குட்டி இதயம் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே வளர்கிறது. பார்சிலோனாவில் 2010ல் வெளியான ஆய்வில், வளர்ச்சித் தடையோடு பிறந்த சுமார் 5 வயதுக் குழந்தைகளின் இதயம் நீள்வடிவமாக இல்லாமல் உருண்டையாக இருந்தது. ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைவு, அதை ஈடுகட்டத் துடிப்பு அதிகம். அந்தக் குழந்தைகள் யாரும் நோயாளிகள் கிடையாது, ஓடி விளையாடுகிறவர்கள்தான். ஆனால் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

ரத்தக்குழாய்க்கு ரப்பர் மாதிரி நெகிழ்வு தருவது எலாஸ்டின் என்ற புரதம். அதையும் உடம்பு பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் தயாரிக்கிறது. அப்போது குறைந்தால் குழாய் சீக்கிரம் விறைக்கும், இதயத்துக்கு வேலை கூடும்.

இதெல்லாம் உண்மைதானா?

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரம். மறுபக்கமும் இருக்கிறது. 2002ல் ரேச்சல் ஹக்ஸ்லி குழு, பிறந்த எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சின்ன ஆய்வுகளில் பெரிய விளைவு, பெரிய ஆய்வுகளில் சின்ன விளைவு. 3000 பேருக்கு மேல் இருந்த ஆய்வுகளில் ஒரு கிலோவுக்கு 0.6 மி.மீ. பாதரசம்தான். சந்தேகப்பட வேண்டிய அறிகுறி இது.

2019ல் இன்னொரு அடி. பெரிய மரபணு ஆய்வு ஒன்று, அம்மாவின் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் மரபணுக்கள் குழந்தையின் எடையைக் குறைக்கின்றன, அதே மரபணு குழந்தைக்கும் வருவதால் பின்னாளில் அதற்கும் அழுத்தம் கூடுகிறது என்று காட்டியது. அப்படியென்றால் கருப்பை அனுபவம் காரணமே இல்லையா?

எனக்குத் தோன்றுவது இது. அந்த மரபணு ஆய்வு பேசுவது பொது மக்களிடம் உள்ள சாதாரண எடை வித்தியாசத்தைப் பற்றி. நஞ்சுக்கொடி பழுதாகி 1.5 கிலோவில் பிறக்கும் குழந்தையின் கதை வேறு. ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்து 2007ல் வந்த ஆய்வு, மரபணுவையும் வீட்டுச் சூழலையும் கழித்த பிறகும் எடைக்கும் பிரஷருக்கும் தொடர்பு மிஞ்சுகிறது என்றது. நெஃப்ரான் எண்ணிக்கை வெறும் புள்ளிவிவரத் தொடர்பும் இல்லை, மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தது. ஆக, சராசரி ஆளுக்கு விளைவு சின்னது, கடுமையான தடையில் பிறந்தவர்களுக்கு உண்மையானது.

பிறந்த எடை ஒரு மறைமுக அளவுகோல் மட்டுமே என்பதற்கு நெதர்லாந்துப் பஞ்சம் சாட்சி. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஆளுக்கான ரேஷன் 1000 கலோரிக்கும் கீழே போய், சில வாரங்களில் 400-800 ஆனது. 1945 மே மாதம் விடுதலை, உணவு திரும்ப வந்தது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பஞ்சத்தில் மாட்டிய குழந்தைகள் இயல்பான எடையில்தான் பிறந்தன. ஆனால் பின்னாளில் இதய நோய் அவர்களிடம்தான் கூடுதல். நடு மாதங்களில் மாட்டியவர்களிடம் சிறுநீரில் புரதக் கசிவு கூடுதல். தராசு எல்லாவற்றையும் காட்டாது.

"நல்லா தேத்திட்டோம்" என்பதில் உள்ள ஆபத்து

எங்க வீட்டில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் கதை ஒன்று உண்டு. "நோஞ்சானா பொறந்தான், மூணாம் கிளாஸ்ல பார்க்கணுமே, கொழுகொழுன்னு இருப்பான்." நெய்யும் பருப்புமாக ஊட்டியது பாட்டி.

ஹெல்சிங்கியில் 1934-44ல் பிறந்தவர்களை ஆராய்ந்தபோது, பிற்காலத்தில் மாரடைப்பு வந்தவர்களிடம் ஒரு பொதுவான பாதை தெரிந்தது. பிறக்கும்போது சின்னது, 2 வயதிலும் ஒல்லி, அதற்கப்புறம் வேகமாக எடை. டெல்லியில் 1969-72ல் பிறந்தவர்களிடம் சர்க்கரைக்கும் இதே பாதைதான் தெரிந்தது. முதல் 2 வருஷத்தில் நன்றாகத் தேறுவது நல்லது, மூளைக்கும் உயரத்துக்கும் அது தேவை. சிக்கல் அதற்குப் பின் ஏறும் கொழுப்பு. ஆறு சர்வர் உள்ள இடத்தில் டிராஃபிக்கை இன்னும் கூட்டுகிறோம். குண்டாக்கினால் தேறியதாக அர்த்தம் இல்லை.

செய்யக்கூடியது

- உங்கள் பிறந்த எடையும் எத்தனையாவது வாரத்தில் பிறந்தீர்கள் என்பதும் தெரிந்தால் எழுதி வையுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள்.
- சின்னதாகப் பிறந்த குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், இவர்களுக்கு 3 வயதுக்கு முன்பே பார்க்கச் சொல்கிறது.
- பெரியவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரும், சிறுநீரில் ஆல்புமினும். கிரியேட்டினின் நார்மல் என்றால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். சிறுநீரகத் திறன் பாதி போகும் வரைகூட அந்த டாஷ்போர்டு பச்சையாகவே இருக்கலாம்.
- கை கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் எல்லாம் கடையில் வாங்கிப் போடும் பழக்கத்தை விடுங்கள்.
- உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே கணக்கில் சேரும்.
- உறவினருக்குச் சிறுநீரகம் தானம் செய்ய நினைத்தால் பிறந்த எடையைக் கட்டாயம் சொல்லுங்கள்.
- வீட்டில் கர்ப்பிணி இருந்தால், டேப் வைத்து வயிற்றை அளக்கும் செக்கப்பைத் தவறவிடாதீர்கள். பிரஷர் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது உண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாகப் போடக் கூடாது.

அம்மாவுக்குப் பதில்

புனே பக்கத்துக் கிராமங்களில் 1990களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அங்கே நாள் நிறைந்து பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. அந்தப் புனே ஆய்வில் கீரை, பழம், பால் அதிகம் சாப்பிட்ட அம்மாக்களின் குழந்தைகள் பெரிதாக இருந்தன. உடலுழைப்பு அதிகமாக இருந்த அம்மாக்களின் குழந்தைகள் சின்னதாக இருந்தன.

இதைப் படித்தபோது அம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். நான் வயிற்றில் இருந்தபோது என்ன வேலை செய்துகொண்டிருந்தாள்? "எல்லாரும் செஞ்ச வேலைதான். ரெண்டு தெரு தள்ளி அடிபம்புல தண்ணி. பத்துப் பேருக்குச் சமையல். அப்பல்லாம் நிறைய சாப்பிட்டா புள்ள பெருசாகிப் பிரசவம் கஷ்டமாயிடும்பாங்க, அதனால பெரியவங்க அளவாத்தான் போடுவாங்க." எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருவது அம்மாதான் என்று எனக்கே தெரியும்.

அதனால் இந்த முறை படித்துவிட்டுப் பதில் சொன்னேன். "நஞ்சுக்கொடி சரியா அமையலன்னா யாராலயும் ஒன்னும் பண்ண முடியாதும்மா, அதைக் கண்டுபிடிக்க அன்னிக்கு ஸ்கேனும் கிடையாது. சாப்பாடும் வேலையும் காரணமா இருந்தா, கடைசியா சாப்பிட வெச்சவங்களும் குடம் தூக்க விட்டவங்களும்தான் காரணம். நீ கொடுத்ததை வெச்சுத்தான் 43 வருஷம் ஓடியிருக்கேன்."

"சரி சரி, மாத்திரையை ஒழுங்கா போடு"ன்னு சொல்லி வைத்துவிட்டாள்.

போடுகிறேன். இப்போது 126/80. போன மாசம் எடுத்த யூரின் டெஸ்ட்டில் புரதம் குறைந்திருக்கிறது. இருக்கிற சர்வர்களைப் பத்திரமாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.